மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

எங்கள் டி. கல்லுப்பட்டியில் மண் கறுப்பு. மழை பெய்தால் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். கோடையில் கால் இறங்குகிற அளவுக்கு வெடிக்கும். பருத்தி போட்ட குடும்பம் எங்களுடையது. இங்கிருந்து 40 கிலோமீட்டர் போனால் வைகைக் கரை, நெல் வயல். கரிசலும் வயலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் பாண்டியன் மதுரையில் உட்கார்ந்தான் என்பது என் கட்சி.

அவனுடைய முத்தெல்லாம் கொற்கையில். கடலோரத்தில் அரண்மனை கட்டியிருக்கலாம். முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பிளினிகூட, பாண்டியனின் ஊர் துறைமுகச் சந்தையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது என்றே எழுதிவைத்தார். உள்ளே இருந்தால்தானே நாலு பக்கமும் வழி? செங்கோட்டைக் கணவாய் தாண்டி மலையாளத்துக்குப் போகிற சாலை இன்றும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

மதுரையை ஒட்டிய அழகர்மலைக் குகையில் தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முந்தையவை. சமணத் துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர் உண்டு. அறுவை என்றால் துணி. கொழுவை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்; எங்கள் கலப்பை நுனியில் இருந்ததும் அதுதான். கடல் உப்பும் காட்டுப் பருத்தியும் உழவனின் இரும்பும் ஒரே பாறையில்!

வைகையோ பெரிய ஆறில்லை. 258 கிலோமீட்டர் ஓடி, பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். அப்படிப்பட்ட ஆற்றங்கரையில் அரசனும் விவசாயியின் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திருமலை நாயக்கர் (1623–1659) பார்த்தார். அதுவரை மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. அறுப்புக் காலம், தேர் இழுக்க ஆளில்லை. தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகர்மலைப் பெருமாளான அழகரை மதுரைக்கு வரவழைத்து, கல்யாணத்தையும் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். திருவிழா மாறியது, தெருப் பெயர் மாறவில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வளையம் வளையமாக இருக்க, சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மதுரைக்கு வந்தவர்கள் பலர்: 1311இல் மாலிக் காபூர், பிறகு சுல்தான்கள், பிறகு நாயக்கர்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையையே இடித்தார். மதில் போன தடத்தில் வெளி வீதிகள். உள் வளையங்கள் இன்றும் இருக்கின்றன.

எங்கள் காட்டில் மாசி, பங்குனி பருத்தி எடுப்பு. சித்திரையில் காடு காலி, மடியில் காசு. "நாம சும்மா இருக்கிற மாசத்துலதாண்டா ஆத்தாளுக்கே கல்யாணம்" என்பார் தாத்தா. கூட்டு வண்டி கட்டி, புளியோதரை மூட்டையோடு ராத்திரியே கிளம்பிவிடுவார்களாம். விடியும்போது வைகை மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, ஊற்றுத் தோண்டிக் குடித்திருக்கிறார்கள். இப்போது அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். நான் பஸ்ஸில் போய், பாலத்தின் மேல் நெரிசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.