முகம் அசையாத சக்கரவர்த்தி

1843 அக்டோபரில் ஒருநாள், கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவுக்குப் போய்வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், சீனக் கதையொன்றைத் தொடங்கியதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தப் பூங்கா திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட்டின் குரலில் அவர் மனதைப் பறிகொடுத்திருந்த காலமும் அதுதான். ‘நைட்டிங்கேல்’ என்ற அந்தச் சீனக் கதை அந்த ஆண்டு முடிவதற்குள் அச்சேறியது.

சீனச் சக்கரவர்த்தியின் தோட்டத்துக்கு அப்பாலுள்ள காட்டில் பாடும் சாம்பல் நிற நைட்டிங்கேல் பறவையை அரண்மனையில் யாருக்கும் தெரியாது. சமையற்கட்டில் வேலை செய்யும் ஏழைச் சிறுமிக்கு மட்டும் தெரியும். பறவை வந்து பாடியதும் சக்கரவர்த்தியின் கண்கள் நனைகின்றன. பிறகு ஜப்பானிலிருந்து ரத்தினம் பதித்த இயந்திரப் பறவை பரிசாக வருகிறது. ஒரே பாட்டை 33 முறை அலுக்காமல் பாடுகிறது. நிஜப் பறவை காட்டுக்கே பறந்துவிடுகிறது. ஒருநாள் இயந்திரப் பறவைக்குள் ஏதோ அறுந்து பாட்டு நிற்கிறது. சாவு வந்து சக்கரவர்த்தியின் மார்மேல் உட்காரும் இரவில், காட்டிலிருந்து திரும்பிவந்து பாடி, அவரை மீட்பது நிஜப் பறவைதான்.

இந்தக் கதை நூறு ஆண்டு கடந்து செக் நாட்டின் யிர்ஷி திர்ன்காவின் கைக்கு வந்துசேர்ந்தது. 1912இல் பிள்சென் நகரில் பிறந்தவர் அவர். பாட்டி பொம்மை செய்து விற்றவர். பள்ளியில் ஓவியம் கற்றுத்தந்தவர், புகழ்பெற்ற பொம்மலாட்டக் கலைஞர் யோசெஃப் ஸ்கூபா. பிராக்கில் படித்து, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து, போர் முடிந்ததும் திர்ன்கா திரைப்படத்துக்கு வந்தார். 1949இல் வெளியான ‘சக்கரவர்த்தியின் நைட்டிங்கேல்’, அவருடைய பொம்மைப் படங்களில் எனக்கு மிக நெருக்கமானது. சிறுவயதில் பார்த்துப் பித்துப்பிடித்த படம். இப்போது பார்த்தாலும் அந்தப் பித்து தெளியவில்லை.

கதைக்கு வெளியே திர்ன்கா இன்னொரு கதையைச் சேர்த்தார். வசதியான வீட்டில் எதற்கெடுத்தாலும் கட்டுப்பாடு, விளையாடத் துணையில்லாத ஒரு சிறுவன். அந்தப் பகுதியில் நடிப்பவர்கள் மனிதர்கள். சிறுவன் தூங்கியதும் அவனுடைய பொம்மைகள் கனவில் எழுந்து சக்கரவர்த்தியும் அவையோருமாக மாறுகின்றன. சம்பிரதாயங்களுக்குள் மூச்சுமுட்டும் அந்தப் பொம்மைச் சக்கரவர்த்தி, அச்சு அசல் அந்தச் சிறுவன்தான். சின்னப் பிள்ளையாகப் பார்த்தபோது பறவைக்காக ஏங்கினேன். இப்போது மனம் போவது அந்தத் தனிமையின் பக்கம்.

நூல் கட்டி ஆட்டும் பொம்மலாட்டம் அல்ல இது. மூட்டுகள் உள்ள பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்துவிட்டு ஒரு சட்டகம் படம் பிடிப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 1,440. திர்ன்காவின் பொம்மைகளுக்கு முகம் அசையாது. கண்ணும் வாயும் தீட்டியது தீட்டியபடியே இருக்கும். ஆனாலும் சக்கரவர்த்தி ஏங்குவதும் நாணுவதும் துயரப்படுவதும் நமக்குத் தெரிகிறது. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே முகத்தில் சோகம். நிமிர்த்தி ஒளியை மாற்றினால் வியப்பு. மிச்சத்தை வாட்ஸ்லாவ் ட்ரோயனின் இசை பார்த்துக்கொள்கிறது.

இயந்திரப் பாட்டைவிட உயிருள்ள பாட்டே மேல் என்று சொல்லும் கதையை, உயிரில்லாத பொம்மைகளை வைத்தே திர்ன்கா சொல்லிக்காட்டினார். எப்படிச் சாத்தியமாயிற்று? ரத்தினப் பறவைக்குச் சாவி கொடுத்தவர் விலகிப் போய்விடலாம், அது பாடியதையே பாடும். திர்ன்காவின் பொம்மையையோ ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மனிதக் கை தொட்டாக வேண்டும். அந்தக் கையின் தயக்கமும் நிதானமும் பரிவும் பொம்மைக்குள் இறங்கிவிடுகின்றன. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படம் பிறகு கடல் தாண்டியது. 1951இல் அமெரிக்காவில் ஆங்கில விவரணையோடு வெளியானது. குரல் கொடுத்தவர் போரிஸ் கார்லாஃப். ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக வந்து ஊரை நடுங்கவைத்தவர், இதில் தாத்தாவின் கனிவோடு கதை சொன்னார். திர்ன்காவின் புகழ் ஜப்பானிலும் ஓர் இளைஞரை எட்டியது. பொம்மைக் கலைஞர் கிஹாசிரோ கவமோட்டோ 1963இல் பிராக் வந்து திர்ன்காவிடம் பயின்றார். ‘உங்கள் நாட்டு மரபைப் பாருங்கள்’ என்பதே குரு அவருக்குக் காட்டிய வழி. ஊர் திரும்பிய கவமோட்டோ, ஜப்பானின் ‘நோ’ நாடக முகமூடிகளின் மரபிலிருந்து தன் படங்களை உருவாக்கினார். அந்த முகமூடியும் அசையாது. தலை சாயும் கோணத்தில்தான் உணர்ச்சி மாறும். ஆண்டர்சன் கதையில் ஜப்பானிலிருந்து வந்தது இயந்திரப் பறவை. திர்ன்காவிடம் ஜப்பானிலிருந்து வந்தவரோ உயிருள்ள கலைஞர்.

திர்ன்கா 1969 டிசம்பரில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய புத்தக ஓவியங்களுக்கு ஆண்டர்சன் பெயரிலேயே உள்ள சர்வதேச விருது கிடைத்திருந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘சக்கரவர்த்தியின் நைட்டிங்கேல்’ படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஆங்கில விவரணை இல்லாத செக் வடிவமே நல்லது. இடையில் புகுந்து எதையும் விளக்க வேண்டாம். அசையாத முகத்தில் உணர்ச்சியைக் கண்டுகொள்ளப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள்தோறும் தங்கள் பொம்மைகளிடம் அவர்கள் பழகுவதே அப்படித்தான்.