ககேய்போ: ஒரு செலவுக் கணக்கு நோட்டின் வரலாறு

மாதத்தின் முதல் வாரத்தில் நிறைந்திருக்கும் பர்ஸ், பதினைந்தாம் தேதிக்குள் காலியாகிவிடுகிறது. பெரிதாக எதையும் வாங்கியதாக நினைவில்லை. ஆனால் பணம் மட்டும் இல்லை! இந்த அனுபவம் இல்லாதவர்கள் நம்மில் மிகக் குறைவு. 120 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் ஒரு பெண் இந்தச் சிக்கலுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் வழியாகத் தீர்வு தேடினார். அந்த நோட்டின் பெயர் ககேய்போ. ஜப்பானிய மொழியில் இதற்கு வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று பொருள்.

யார் அந்தப் பெண்?

ஹானி மோட்டோகோ 1873-ல் வடக்கு ஜப்பானில் உள்ள ஹச்சினோஹே என்ற ஊரில் பிறந்தவர். ஹோச்சி ஷிம்புன் என்ற நாளிதழில் பிழை திருத்துபவராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு நிருபராக உயர்ந்தார். பெண்கள் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. 1903-ல் கணவர் ஹானி யோஷிகாசுவுடன் சேர்ந்து, குடும்பப் பெண்களுக்கான மாத இதழ் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, அதாவது 1904-ல், ககேய்போவை வெளியிட்டார். 1908-ல் அந்த இதழ் 'ஃபுஜின் நோ தோமோ' (பெண்களின் தோழி) என்ற பெயரைப் பெற்றது.

ஏன் 1904?

அந்த ஆண்டு ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. போர்ச் செலவுக்காக வரிகள் ஏறின. ஒருபக்கம் கையில் மிஞ்சும் பணம் குறைந்தது.

மறுபக்கம் ஆசை வளர்ந்தது. 1673-ல் ஒரு துணிக்கடையாகத் தொடங்கிய நிறுவனம், 1904-ன் இறுதியில் மிட்சுகோஷி என்ற பெயருடன் டிபார்ட்மென்ட் ஸ்டோராக மாறத் தொடங்கியது. பழைய முறையில் வாடிக்கையாளர் பாயில் உட்கார்ந்து வேண்டியதைச் சொல்வார். கடைப் பையன் உள்ளே போய் அதை மட்டும் எடுத்து வருவான். 1895 முதல் இந்தக் கடை சரக்குகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைக்க ஆரம்பித்தது. கேட்டு வாங்கிய காலம் போய், பார்த்து வாங்கும் காலம் வந்தது. பார்க்காத பொருள் மேல் ஆசை வருவதில்லை அல்லவா? திடீர்ச் செலவு என்று நாம் இன்று சொல்வதன் விதை இங்கேதான் இருக்கிறது.

ஆக, ஆசையைத் தூண்டும் கண்ணாடிப் பெட்டியும், ஆசைக்குக் கணக்குக் கேட்கும் நோட்டும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வளர்ந்திருக்கின்றன!

நோட்டு எப்படி வேலை செய்தது?

சாதாரணக் கணக்கு நோட்டில் செலவு முடிந்த பிறகு எழுதுவோம். ஹானியின் நோட்டில் பட்ஜெட் முதலில் வரும். சாப்பாடு, விளக்கு மற்றும் எரிபொருள், துணி, கல்வி, உறவினர் நண்பர்களுக்கான செலவு என ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே தொகை ஒதுக்க வேண்டும். பிறகு தினமும் எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மீனுக்கும் காய்கறிக்கும் மாதம் 6 யென் ஒதுக்குகிறது. 1 யென் என்பது 100 சென். அப்படியானால் நாள் ஒன்றுக்கு 20 சென். பத்தாம் தேதி வரை 2 யென் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 2 யென் 30 சென் ஆகிவிட்டது. மீதி 20 நாட்களுக்கு 3 யென் 70 சென்தான் இருக்கிறது, அதாவது நாளுக்கு பதினெட்டரை சென். பதினோராம் நாள் மீன் கடைக்குப் போகும்போது அந்தப் பெண்ணுக்கு இது தெரியும். யாரும் அவரைத் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எண் மட்டும் கண்முன் நிற்கிறது. வணிகவியல் மாணவர்கள் பட்ஜெட் கட்டுப்பாடு என்று படிப்பதும் இதைத்தான். ஹானி அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார்.

சிக்கனத்தின் மறுபக்கம்

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் வரலாறு அப்படி முடியவில்லை.

மக்கள் சேமித்தால் அரசுக்கும் லாபம் உண்டு. ஜப்பானில் 1875-லேயே தபால் அலுவலகச் சேமிப்பு தொடங்கியிருந்தது. 1861-ல் பிரிட்டன் தொடங்கிய திட்டம்தான் அதற்கு முன்மாதிரி. (இந்தியாவில் இது 1882-ல் வந்தது.) சிறு சேமிப்புகள் அரசின் கைக்கு முதலாகச் சேர்ந்தன. சீனாவுடனான போர் தீவிரமடைந்த பின், 1938-ல் நிதி அமைச்சகம் சேமிப்பைப் பெருக்கத் தனிப் பிரிவே அமைத்தது. 1940-ல் 'ஆடம்பரமே எதிரி' என்ற வாசகம் தோக்கியோ தெருக்களில் வைக்கப்பட்டது. குடும்ப நலனுக்காகப் பிறந்த சிக்கனம் போருக்குப் பணம் திரட்டும் கருவியாக மாறியது. சேமிப்பது தனிமனித விருப்பமாக இல்லாமல் கட்டாயமாகவே ஆகிவிட்டது.

முடிவு என்ன ஆனது தெரியுமா? 1945-ல் ஜப்பான் தோற்றது. விலைவாசி தாறுமாறாக ஏறியது. 1946 பிப்ரவரியில் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கியது. மாதத்துக்குக் குடும்பத் தலைவருக்கு 300 யென், மற்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 100 யென் மட்டுமே எடுக்கலாம் என்றது. எடுக்க முடியாமல் கிடந்த பணத்தின் மதிப்பைப் பணவீக்கம் கரைத்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். செலவழித்தவனை விடச் சேமித்தவன் ஏமாந்த காலம் அது.

இருந்தும் நோட்டு சாகவில்லை

வியப்பு என்னவென்றால், அதன் பிறகும் ஜப்பானியர்கள் கணக்கு எழுதுவதை விடவில்லை. 1952-ல் சேமிப்பை ஊக்குவிக்க ஒரு மத்தியக் குழு உருவானது. வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தை அதுவும் பரப்பியது. 1970களின் நடுவில் ஜப்பானியக் குடும்பங்கள் செலவிடக்கூடிய வருமானத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் சேமித்தன. இதற்கு நோட்டு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேகமாக ஏறிய சம்பளம், மொத்தமாகக் கிடைத்த போனஸ், முதுமை பற்றிய பயம் எல்லாமே சேர்ந்துதான் இதைச் செய்தன. பொருளாதாரம் தேங்கி, முதியவர்கள் பெருகியபோது அந்தச் சேமிப்பு விகிதமும் சரிந்தது. ஆனால் ஹானியின் நோட்டு நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அச்சாகி வந்திருக்கிறது. 2017-ல் ஃபுமிகோ சிபா ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் மூலம் ககேய்போ உலகம் முழுவதும் பேசப்பட்டது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மன உறுதியை மட்டும் நம்பித் திடீர்ச் செலவை அடக்க முடியாது. மீதி எவ்வளவு என்ற எண் வாங்கும் நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி இன்று செல்போன் திரையாகிவிட்டதால், இந்தத் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இரண்டு, சேமிப்பது யாருக்காக, அந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் விடக்கூடாது. 1946-ல் ஜப்பானியக் குடும்பங்கள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். அளப்பதோடு, எந்த ஆற்றில் போடுகிறோம் என்பதையும் பார்த்துக்கொண்டால் நல்லது.