லோரியையே வீடாக்கி உலகம் சுற்றுவது எப்படி? வீட்டுப் பட்டறையில் கட்ட முடியுமா?

பினாங்கு கடற்கரையிலோ கேமரன் மலை ஏறும் வழியிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். ஆள் உயரத்தை நெருங்கும் டயர், மேலே ஒரு வெள்ளைப் பெட்டி, சின்னச் சின்ன ஜன்னல், ஐரோப்பிய எண் பலகை. ராணுவ வண்டி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாமே உண்டு.

இவற்றை 'எக்ஸ்பெடிஷன் டிரக்' என்கிறார்கள். தார்ச்சாலை முடிந்த பிறகும் போகக்கூடிய, பல மாதங்கள் வாழக்கூடிய வண்டி. சில நிறுவனங்கள் இதை ஆர்டரின் பேரில் கட்டித் தருகின்றன, விலை ஒரு நல்ல பங்களாவுக்கே சமம். அதனால்தான் ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பலர் பழைய லோரியை வாங்கி, வீட்டுப் பட்டறையிலேயே சொந்தமாகக் கட்டுகிறார்கள்.

நம் ஊரிலும் கேம்பர்வேன் ஆசை கூடியிருக்கிறது. "நாமளும் ஒன்னு செஞ்சா என்ன?" என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கம். காசு போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

முதலில், எந்த வண்டி?

பெரும்பாலானோர் தொடங்குவது ராணுவமோ தீயணைப்புப் படையோ ஓய்வு கொடுத்த நான்கு சக்கர இயக்க லோரியில். மெர்சிடிஸ் யூனிமோக் இதில் மிகப் பிரபலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் விவசாயத்துக்காக உருவான வண்டி இது. இதில் அச்சு, சக்கரத்தின் மையத்தைவிட உயரமாக இருக்கும். அதனால் வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிபடுவது குறைவு. ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய யூ 1300 எல் ரகம் இன்றும் தேடி வாங்கப்படுகிறது.

ஆஸ்திரேலியாவில் இசுசு, ஃபூசோ கேன்டர் லோரிகளின் நான்கு சக்கர இயக்க ரகங்களை அதிகம் பார்க்கலாம். நம் வட்டாரத்துக்கும் இவைதான் நடைமுறையில் பொருந்தும். உதிரிப்பாகம் கிடைக்கும், பழக்கப்பட்ட மெக்கானிக்கும் கிடைப்பார்.

பழைய எஞ்சினா, புதுசா? பழைய டீசல் எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் பாலைவனத்திலும் சரிசெய்யலாம். புதிய எஞ்சின் புகை குறைவு, சத்தம் குறைவு. ஆனால் கந்தகம் அதிகமுள்ள டீசல் ஊற்றினால் அதன் புகைவடிகட்டி அமைப்பு பழுதாகும் ஆபத்து உண்டு. எந்த நாடுகளுக்குப் போகப்போகிறோம் என்பதே இதை முடிவு செய்யும்.

பெட்டியைச் சும்மா போல்ட் போட்டு முடுக்கினால் என்ன?

வீட்டில் கட்டுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

லோரியின் சேசிஸ் ஏணி மாதிரி. இரண்டு நீண்ட இரும்புச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஏணி முறுக்கிக்கொடுக்கும். அது பழுது இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரமும் தரையைவிட்டு விலகாமல் இருக்க அந்த முறுக்கு உதவுகிறது.

ஆனால் மேலே உட்காரும் வீட்டுப்பெட்டி முறுக்காது. இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் ஏதோ ஒன்று உடைந்தாக வேண்டும். பெட்டியின் மூலைகள் விரிசல் விடும், கதவு மூடாது, தண்ணீர் கசியும். மோசமான நிலையில் சேசிஸே விரிசல் காணும்.

இதற்கு வழி, நடுவில் ஒரு துணைச் சட்டம். மூன்று முறைகள் பரவலாக இருக்கின்றன:

• மூன்று புள்ளி: பின்னால் இரண்டு இடத்தில் பிடிப்பு, முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழல் மூட்டு. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் அல்லவா, அதே கணக்கு.
• நான்கு புள்ளி: முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு சுழல் மூட்டு, இடது வலது பக்கங்களில் ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் வைர வடிவம். எடை கூடுதல் இடங்களில் பரவும்.
• ஸ்பிரிங் முறை: பின்பகுதி உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கும். முன்பகுதி ஸ்பிரிங்கில் அமர்ந்து, தேவைப்படும்போது தூக்கிக்கொடுக்கும். செய்வது எளிது, செலவும் குறைவு.

இன்னொன்று: சேசிஸில் கண்ட இடத்தில் துளை போடக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது. எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்று லோரித் தயாரிப்பாளர்கள் 'பாடி பில்டர்' கையேடு வெளியிடுகிறார்கள். அதை வாங்கிப் படிப்பதுதான் முதல் வேலை. வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புதிய வண்டிகளின் மின்னணுக் கருவிகள் கருகிவிடும்.

சுவர் எதனால் ஆனது?

இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தகடு, நடுவே கெட்டி நுரை. 'சாண்ட்விச் பேனல்' என்பார்கள். குளிர்பதன லோரிகளின் பெட்டியும் இதே முறைதான். 40 முதல் 60 மில்லிமீட்டர் தடிப்பு பொதுவானது. எடை குறைவு, வெப்பம் உள்ளே வராது.

பேனல்களைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, மூலைகளில் கோணப்பட்டை வைத்து இறுக்குகிறார்கள். உள்ளிருந்து வெளியே வரை செல்லும் இரும்புத் துண்டு எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் வெப்பம் அதன் வழியே கடக்கும், உள்ளே நீர்த்துளி கோர்க்கும், அப்புறம் பூஞ்சணம்தான்.

எடைக் கணக்கு: காகிதத்தில் போடாவிட்டால் எடைமேடை சொல்லும்

மொத்தம் 7,500 கிலோ வரை அனுமதி உள்ள ஒரு லோரியை எடுத்துக்கொள்வோம். கேபினும் சேசிஸும் மட்டும் 4,000 கிலோ என்றால், மிச்சம் 3,500 கிலோ. கேட்க நிறையத்தான் இருக்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள்:

• பெட்டி, துணைச் சட்டம்: 1,200 கிலோ
• அலமாரி, கட்டில், குளியலறை: 500 கிலோ
• தண்ணீர் 250 லிட்டர்: 250 கிலோ
• டீசல் 300 லிட்டர்: சுமார் 250 கிலோ
• பேட்டரி, சோலார், வயரிங்: 200 கிலோ
• மாற்று டயர், கருவிகள், மீட்புச் சாதனங்கள்: 300 கிலோ
• இரண்டு பேர், அவர்கள் சாமான்கள்: 350 கிலோ

மொத்தம் 3,050 கிலோ. கையில் இருப்பது 450 கிலோ மட்டுமே. ஒரு மோட்டார் சைக்கிளைப் பின்னால் மாட்டினால் அதிலும் பாதி போய்விடும்.

மொத்த எடை சரியாக இருந்தால் போதாது, ஒவ்வொரு அச்சின் எடையும் வரம்புக்குள் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி போன்ற கனமானவற்றை இரண்டு அச்சுக்கு நடுவே, முடிந்தவரை கீழே வைப்பார்கள். உச்சியில் எடை கூடினால் வளைவில் வண்டி சாயும், பிரேக் பிடிக்கும் தூரமும் மாறும். கட்டும் காலத்திலேயே இரண்டு மூன்று முறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

மின்சாரம்: நம் ஊர் வெயிலில் ஏர்கோன் ஓடுமா?

சுருக்கமான பதில்: ஓடும், ஆனால் சோலாரை மட்டும் நம்பி ஓடாது.

24 வோல்ட் அமைப்பில் 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுமார் 5 கிலோவாட்-மணி மின்சாரம் தேக்கும். சிறிய இன்வெர்ட்டர் ஏர்கோன் சராசரியாக 500 வாட் இழுத்தால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 4 கிலோவாட்-மணி. குளிர்பெட்டி, விளக்கு, விசிறி, கைப்பேசி எல்லாம் சேர்ந்து இன்னொரு 1 கிலோவாட்-மணி. பேட்டரி காலி.

கூரையில் 800 வாட் சோலார் தகடு இருந்தாலும், நல்ல வெயில் நாளில் இழப்பு போகச் சுமார் இரண்டரை கிலோவாட்-மணிதான் கிடைக்கும், அதாவது தேவையில் பாதி. மீதியை எஞ்சின் ஓடும்போது ஏற்ற வேண்டும், முகாம் மின்சாரத்தில் செருக வேண்டும், அல்லது மலைப்பகுதிக்குப் போய்விட வேண்டும்.

12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2,000 வாட் கருவி 12 வோல்ட்டில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 24 வோல்ட்டில் அது பாதியாகிவிடும். ஆம்பியர் குறைந்தால் வயர் மெலியும், சூடும் குறையும்.

தீப்பிடிக்கும் ஆபத்து பெரும்பாலும் மெல்லிய வயரிலும் தளர்ந்த இணைப்பிலும் தொடங்கும். அதனால் ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வயர் தகட்டை உரசும் இடங்களில் ரப்பர் வளையம் போட வேண்டும். தெரியாத வேலையென்றால் பதிவுபெற்ற மின்தொழிலாளியைக் கூப்பிடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

மலை நாடுகளுக்குப் போவோருக்கு ஒரு குறிப்பு: இவ்வகை லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். தஜிகிஸ்தானின் பாமிர் சாலை 4,600 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே பேட்டரி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

உயிரைக் காக்கும் மூன்று விஷயங்கள்

• சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே கேஸ் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம். இந்தத் தொல்லையே வேண்டாமென்று இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவோர் உண்டு.
• கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நிறுத்திய வாகனத்துக்குள் உறங்கி உயிரிழந்த செய்திகள் நம் நாட்டிலும் வந்ததுண்டு. எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை அருகே பொருத்துங்கள்.
• வெளியேற இரண்டு வழி வேண்டும். கதவருகே தீப்பிடித்தால் ஜன்னல் வழியாகவோ கூரை வழியாகவோ இறங்க முடிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வாகன அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யின் ஒப்புதல் வேண்டும். "முதல்ல கட்டிடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது ஆபத்தான கணக்கு. வரைபடத்தோடு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், காப்புறுதி இழப்பீடு மறுக்கப்படலாம். பல ஆண்டு உழைப்பும் சேமிப்பும் தாமான் ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும்.

சுமையில்லா எடை 3,500 கிலோவைத் தாண்டினால், நம்மிடம் இருக்கும் சாதாரண 'டி' லைசென்ஸ் போதாது, 'இ' பிரிவு வேண்டும். பின்பெட்டியில் ஆட்களை உட்காரவைத்துப் பயணிக்க நினைத்தால் இருக்கை, இருக்கை வார் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும்.

எல்லை தாண்டும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி:

• சிங்கப்பூர்: வெளிநாட்டில் பதிவான மோட்டார்ஹோம், கேம்பர்வேன்களை அங்கே ஓட்ட அனுமதியில்லை. உலகம் சுற்றுவோர் பலர் கிள்ளான் துறைமுகத்திலேயே வண்டியைக் கப்பலேற்ற இதுவும் ஒரு காரணம்.
• தாய்லந்து: 2016-இல் வெளிநாட்டு வாகனங்களுக்கான விதி கடுமையாகியது. மோட்டார்ஹோம் கொண்டுபோக நினைப்போர் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.
• இந்தியா: 'கார்னே' எனும் சுங்க உத்தரவாதப் பத்திரம் வேண்டும். வண்டியை அங்கே விற்காமல் திரும்பக் கொண்டுவருவோம் என்பதற்கான உறுதி அது. நம் நாட்டில் மலேசிய வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஎம் வழங்குகிறது. மியன்மார் வழி 2021 ராணுவ ஆட்சிமாற்றத்துக்குப் பிறகு நம்பத்தக்கதாக இல்லை. பெரும்பாலும் கப்பல்தான்.

கப்பலிலும் ஒரு சிக்கல். உயரம் கூடிய கொள்கலனின் கதவே சுமார் 2.58 மீட்டர்தான். எக்ஸ்பெடிஷன் டிரக் மூன்று மீட்டரைத் தாண்டும். அதனால் வாகனங்களை ஓட்டி ஏற்றும் கப்பலில்தான் இடம் தேட வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

வீட்டிலேயே இடம் போதுமா?

தாமான் வீட்டுப் போர்ச்சில் நடக்காது. கூரை உயரம் நான்கு மீட்டருக்கு மேல், கான்கிரீட் தரை, பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு நாள் கிரேன் நுழைய வழி இவை வேண்டும். வெல்டிங் தீப்பொறி, வெட்டும் சத்தம், கண்ணாடி இழைத் தூசு எல்லாம் அண்டை வீட்டுக்கும் போகும். தூசுக்கு முகக்கவசம் இல்லாமல் வேலையைத் தொடவே கூடாது.

நேரமும் கணக்கு. வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு இரண்டு மூன்று ஆண்டு எளிதில் ஓடிவிடும். அதனால் அனுபவசாலிகள் வேலையைப் பிரிக்கிறார்கள்: துணைச் சட்டத்தையும் பிரேக்கையும் தொழில்முறைப் பட்டறையிடம் கொடுத்துவிட்டு, உள்ளே தச்சு வேலை, தண்ணீர்க் குழாய், இன்சுலேஷன் ஆகியவற்றைச் சொந்தமாகச் செய்கிறார்கள்.

இவ்வளவு பெரிய வண்டி அவசியம்தானா?

குந்தர் ஹோல்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரே மெர்சிடிஸ் ஜி-வேகனில் 2014 வரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர் உலகம் சுற்றினார். பின்னிருக்கை இருந்த இடத்தில் மெத்தை, அவ்வளவுதான். ஏர்கோன்கூடக் கிடையாது. வண்டி இப்போது ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

ஆகவே லோரி தேடுவதற்கு முன், ஒரு கேம்பர்வேனை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். எதெல்லாம் தேவை, எதெல்லாம் வெறும் ஆசை என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், இந்த வரிசையில் போங்கள்: ஜேபிஜே-யிடம் விசாரணை, எடைக் கணக்கு, துணைச் சட்ட வரைபடம். வண்டி வாங்குவது நாலாவது.