வரவு செலவு ஏடுகளில் தமிழ்ப்பள்ளியின் வரலாறு

மலாயாத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நினைவு மலர்களையும் நாளிதழ்களையும் நாடுவர். அவை இன்றியமையாதவை. எனினும், பள்ளி யார் செலவில் நடந்தது என்னும் வினாவுக்கு உறுதியான விடை அரசாங்க ஆவணங்களில்தான் உள்ளது. பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைப் பேணி வருகின்றன. ஆயினும், நூற்பட்டியலில் 'தமிழ்ப்பள்ளி' என்று தேடும் மாணவர் பலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். பணம் எவ்வழியே சென்றது, அரசு அதனை எப்பெயரால் குறித்தது என்னும் இரண்டும் தெரியாமையே அதற்குக் காரணம்.

முதற்கண் ஆட்சி எல்லையை அறிதல் வேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியன 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களாயின. இரண்டும் தனித்தனியே வரவு செலவு மதிப்பீடுகளை அச்சிட்டன. ஆதலால், செபராங் பிறைக் கரும்புத் தோட்டத் தமிழரை முன்னதன் ஏடுகளிலும், சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத் தமிழரைப் பின்னதன் ஏடுகளிலும் தேட வேண்டும். இலண்டனுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அவ்வாறே. நீரிணைக் குடியேற்றங்களுக்குரியது சி.ஓ. 273 என்னும் வரிசை. கூட்டு மலாய் மாநிலங்களுக்கு 1920 முதல் சி.ஓ. 717 என்னும் தனி வரிசை உண்டு.

அடுத்து, ஏட்டின் தன்மையை அறிதல் வேண்டும். ஆண்டு மதிப்பீடு, அரசு செலவிட எண்ணிய தொகையைக் கூறும். ஆண்டு முடிந்தபின் தொகுக்கப்பட்ட 'நீல ஏடு', உண்மையான வரவு செலவையும் பதவிகளையும் சம்பளங்களையும் பட்டியலிடும். துறைகளின் ஆண்டறிக்கைகள் பல, சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளின் பின்னிணைப்பாகக் கட்டப்பட்டுள்ளன. அவற்றுக்கு நூற்பட்டியலில் தனித் தலைப்பு இராது. நூலகரிடம் ஆண்டையும் துறையையும் சொல்லிக் கேட்பதே நேர்வழி.

பணம் சென்ற வழி மேலும் நுட்பமானது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. எனவே, தோட்டப் பள்ளிச் செலவின் பெரும்பகுதி தோட்ட நிறுவனக் கணக்கில் இருக்கும். அரசு ஏட்டில் உதவித்தொகை மட்டுமே காணப்படும். அச்சிறு தொகையைக் கொண்டு பள்ளிகளே குறைவு என முடிவு கட்டுதல் தவறாகும். 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதியும் இத்தகையதே. தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப முதலாளிகள் செலுத்திய தீர்வையே அதன் வருவாய். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாக வந்தோரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. பொது வருவாயிலிருந்து பிரிந்து நின்றமையால், அதன் கணக்கைத் தனியாகவே காண வேண்டும்.

இனி, சொல்லைக் கருதுவோம். அந்நிதியே பின்னர் 'இந்தியர்' குடியேற்ற நிதி எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகளில் தமிழர் பலவிடத்தும் 'கிளிங்' எனப்பட்டனர். கல்வி அறிக்கைகளில் தமிழ்வழிக் கல்வி 'வெர்னாகுலர்' என்னும் தலைப்பில் அடங்கியது. வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிக்கும் 'வெர்னா' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது அது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 'தேசிய வகைப் பள்ளி' என்னும் வழக்கு நிலைபெற்றது. பிற்கால ஆவணங்களை 'செகோலா ஜெனிஸ் கெபாங்சாஆன்' என்னும் மலாய்த் தொடராலேயே தேட வேண்டும். ஒரு பள்ளியின் கதையைத் தொடர விரும்புவோர் இப்பெயர் மாற்றங்களை ஆண்டு வரிசையில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

இப்பயிற்சி பழமைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப்பள்ளிகளுக்கான ஒதுக்கீடு இன்றும் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. மேடையில் அறிவித்தது, மதிப்பீட்டில் அச்சானது, உண்மையில் செலவானது, தலைமைக் கணக்காய்வாளர் கண்டறிந்தது ஆகிய நான்கும் வெவ்வேறு. அவற்றை ஒப்பிடாமல் எழுப்பும் குறையும் பாராட்டும் எளிதில் மறுக்கப்படும். ஆசிரியர்கள் தத்தம் பள்ளியின் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏட்டின் பெயர், ஆண்டு, செலவுத் தலைப்பு, பக்க எண் ஆகியவற்றைக் குறித்து மாணவருடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அத்தகைய குறிப்புகள் பல பள்ளிகளிலிருந்து சேருமாயின், நம் கல்வி வரலாறு சான்றோடு எழுதப்படும்.