கொல்லிமலையில் ஆதரவற்ற குழந்தைகள், பெண்கள் பாதுகாப்பு

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலையில் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் துணையற்ற பெண்களையும் காக்க நடந்த முயற்சிகளின் வரலாறு இது. மலையின் பெரும்பான்மைக் குடிகள் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். தமிழ் பேசுபவர்கள், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குடும்ப வழக்குகளை ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் தீர்த்துவைப்பது மரபு. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி நெடுங்காலம் வெளியார் இங்கே தங்கவில்லை. சமவெளியிலிருந்து வந்தவர்களில் வியாபாரிகளும் வட்டிக்குக் கொடுப்போருமே மிகுதி.

1913இல் மணமுடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் மலையேறி வாழவந்தியில் குடியேறினர். மருந்தும் பள்ளியும் கொண்டுவந்தார்கள். ஜெஸ்ஸி தச்சுவேலையும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்றுக்கொடுத்தார், மலைமக்களின் நிலவரிக் குறைகளை அரசுக்கு எழுதினார். ஆனால் மதத்தைப் பொறுத்தவரை ஆண்டுகள் பல கடந்தும் மலை அசையவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார்.

உலகம் முழுவதும் பரவிய இன்ஃப்ளூயன்ஸா 1918–19இல் மலைக்கும் வந்தது. நோயுற்றவர்களைச் சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சியபோது தம்பதியர் வீடுவீடாகக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினர். அந்தப் பூசாரியும் படுக்கையில் விழுந்தார். சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளை எவ்லின் வளர்த்தார். அதன்பின் கைவிடப்பட்ட குழந்தைகள் அடுத்தடுத்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். மலையில் குடும்பத்துக்கு வெளியே அமைந்த குழந்தைகள் காப்பகத்தின் தொடக்கமாக இதைக் கொள்ளலாம். இந்தப் பராமரிப்பு மதமாற்றத்தோடு பின்னியே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1929இல் ஜெஸ்ஸி கருநீர்க்காய்ச்சலில் இறந்தார். மூப்பைக் காரணம் காட்டி மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் எவ்லின் ஊர் திரும்பவில்லை. குதிரையேறியும் ஊன்றுகோல் பிடித்தும் பச்சைமலை, கல்வராயன் மலை என்று அடுத்த மலைகளுக்கும் போனார். 1974இல், 95 வயதில் மறைந்தார். தொழுநோயாளிகளுக்கான கை அறுவை சிகிச்சையால் வேலூரில் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட், 1914இல் பிறந்த இவர்களுடைய மகன்.

விடுதலைக்குப் பின் பொறுப்பு மெல்ல அரசின் கைக்கு வந்தது. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறியது. பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண்குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியபோது கொல்லிமலையும் அம்மாவட்டத்தில்தான் இருந்தது; நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அத்திட்டத்துக்குக் காரணமான பெண்சிசுக் கொலை பெரும்பாலும் சமவெளிச் சிக்கல். மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கும் மலையாளிகளிடம் வரதட்சிணையின் நெருக்கடி அப்படியே பொருந்தாது. இங்கே பெண்பிள்ளைகளை அலைக்கழித்தது இளவயதுத் திருமணம். அதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

சாலை ஆசிரியரையும் செவிலியரையும் மட்டும் கொண்டுவரவில்லை. 2019 ஏப்ரலில், ராசிபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தை விற்பனைக்குப் பேரம் பேசும் ஒலிப்பதிவு சமூக ஊடகங்களில் பரவியது. கொல்லிமலையின் ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டதாக விசாரணையில் குற்றம்சாட்டப்பட்டது. கைதானவர்களில் மலையைச் சேர்ந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் உண்டு. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. தரகர்கள் மருத்துவத்தின் வழியாகவே நுழைந்தார்கள் என்பதுதான் இவ்வழக்கின் தனிக்கொடுமை: நூறாண்டுகளுக்கு முன் மலைமக்கள் வெளியாரை நம்பத் தொடங்கியதும் அந்த வழியாகத்தான்.

வளர்க்க இயலாத பெற்றோருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. விற்பனைக்கு ஐந்தாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் தண்டனை. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை ஊழியரே விற்றால் மூன்று முதல் ஏழாண்டுவரை சிறை.