எல்லாமே சாத்தியம் என்று சொன்ன ஒரு தொகுப்பு

முதன்முதலில் அந்தப் பாட்டைக் கேட்டபோது என் நெட் பேக் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு, நடுவில் குரல் இழுத்து, கனத்து, அப்படியே நின்றுபோனது. போனைத் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே மறுபடி தொடங்கியது. கடைசியில் பாட்டே இல்லை, யாரோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் சத்தமும் தட்டு, கரண்டிச் சத்தமும்தான்!

கோளாறு என் போனில் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ரெக்கார்டு பிளேயரின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டதுபோல, 1968-லேயே வேண்டுமென்றே அப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே என்ன நடந்தாலும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்காதவர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. பெயர் 'பானிஸ் எத் சிர்சென்சிஸ்'. ரோமாபுரிக் காலத்து 'ரொட்டியும் வேடிக்கையும்' என்ற பழமொழியிலிருந்து எடுத்த தலைப்பு.

பாடிய குழு ஓஸ் முதாந்தெஸ். போர்த்துகீசிய மொழியில் 'உருமாறியவர்கள்' என்று அர்த்தம். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்துக் குழு. எனக்குக் கிடைத்தது 1999-ல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு. அதன் பெயர் 'எவ்ரிதிங் இஸ் பாசிபிள்', அதாவது எல்லாமே சாத்தியம். இந்தக் குழுவைப் பற்றித் தேடிப் படிக்கும்போது "மறக்கப்பட்ட சைக்கடெலிக் குழு" என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படும். சரி, மறந்தவர்கள் யார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதுதான் இந்தப் பதிவு. (பி.காம். படிக்கிறவனுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.)

பூச்சி மருந்து அடிக்கும் பம்பும் தங்கக் கிதாரும்

குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். அர்னால்டோ பாப்டிஸ்டா, அவருடைய தம்பி செர்ஜியோ டியாஸ், பாடகி ரீட்டா லீ. அண்ணன் தம்பியின் அம்மா கிளாரிஸ் லெய்ட்டே பியானோ கலைஞர், இசையமைப்பாளர். ஆக, வீட்டில் இசைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கருவிகளுக்குத்தான். உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று பிரேசில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. வெளிநாட்டுக் கிதாரும் அதற்கான எலக்ட்ரானிக் சாமான்களும் எளிதில் கைக்கு வராது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் மூத்த அண்ணன் கிளாடியோ சீசர். மேடைக்கு வராத மனிதர். கிதார், பெருக்கி, ஒலியை உடைத்துக் கரகரக்க வைக்கும் பெட்டி என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தார். தம்பிக்காக அவர் செய்த 'தங்கக் கிதார்' ரொம்பப் பிரபலம். அதைத் திருடுகிறவனுக்கு என்ன கதி வரும் என்று ஒரு சாபத்தையே தகட்டில் பொறித்து அதில் பதித்துவிட்டார்! முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குத் தாளத் தட்டின் சத்தம் தேவைப்பட்டபோது, பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பை 'ஸ்ஸ்... ஸ்ஸ்' என்று அடித்துப் பதிவு செய்தார்கள். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் பெரிய ஸ்டூடியோவில் செய்துகொண்டிருந்ததை, இவர்கள் வீட்டுச் சாமானை வைத்துச் செய்து பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

கிதாருக்கு எதிராக ஓர் ஊர்வலம்

இங்கே கொஞ்சம் அரசியல் பேசியாக வேண்டும். 1964-ல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவு அதற்கு இருந்தது. ராணுவத்தை எதிர்த்த மாணவர்களுக்கும் கலைஞர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து வரும் எதன்மேலும் கோபம் இருந்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் கோபம் எலக்ட்ரிக் கிதார்மேலும் பாய்ந்தது. ராக் இசை அந்நிய ஆதிக்கத்தின் கருவி, பிரேசில் இசையை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். 1967 ஜூலை 17 அன்று சாவ் பாவ்லோ தெருக்களில் எலக்ட்ரிக் கிதாரை எதிர்த்து ஊர்வலமே போனார்கள். முன்னணியில் இருந்தவர் புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினா. அந்த ஊர்வலத்தில் பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில்லும் நடந்தார்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றே மாதத்தில், அக்டோபர் 1967-ல், ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் அதே ஜில் மேடையேறியபோது பக்கத்தில் எலக்ட்ரிக் கிதாரோடு நின்றவர்கள் ஓஸ் முதாந்தெஸ். அர்னால்டோவுக்கும் ரீட்டாவுக்கும் அப்போது 19 வயது. செர்ஜியோவுக்கு 16. நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சின்னவர்கள்! கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. ஆனாலும் பாட்டு இரண்டாம் பரிசு வாங்கியது.

ஜில், கயத்தானோ வெலோசோ, முதாந்தெஸ், இசைக்கோப்பாளர் ரொஜெரியோ டுப்ராட் எல்லோரும் சேர்ந்த அந்த அலைக்கு 'ட்ரொப்பிக்காலியா' என்று பெயர் வந்தது. அதன் அடிப்படை புதிதல்ல. ஓஸ்வால்ட் டி அந்திராடே என்ற பிரேசில் எழுத்தாளர் 1928-லேயே ஓர் அறிக்கையில் சொன்னதுதான்: வெளியிலிருந்து வருவதைக் கண்டு பயப்படாதே, அப்படியே காப்பியும் அடிக்காதே. அதைத் தின்று, செரித்து, உன் உடம்பாக்கிக்கொள். சம்பாவும் பீட்டில்ஸும் கோயில் மேளமும் விளம்பரப் பாட்டும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டது அப்படித்தான்.

இதை எல்லோராலும் செரிக்க முடியவில்லை. செப்டம்பர் 1968-ல் சாவ் பாவ்லோ கத்தோலிக்கப் பல்கலைக்கழக அரங்கில் கயத்தானோ பாட, முதாந்தெஸ் வாசித்தார்கள். மாணவர் கூட்டம் முட்டையும் தக்காளியும் வீசியது. பிறகு மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. குழு என்ன செய்தது தெரியுமா? தாங்களும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. வீசியவர்கள் ராணுவத்தின் ஆட்கள் இல்லை. ராணுவத்தை உயிரைக் கொடுத்து எதிர்த்த தலைமுறை. அவர்கள் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் கோபம் போய் விழுந்த இடம், வீட்டில் செய்த கிதாரோடு நின்ற ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பையன்மேல்.

டிசம்பர் 13

ராணுவத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. 1968 டிசம்பர் 13 அன்று 'நிறுவனச் சட்டம் எண் 5' வந்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது. அரசியல் வழக்கில் கைதானவர்களுக்கு ஆட்கொணர்வு மனு போடும் உரிமை போனது. தணிக்கை இறுகியது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 27-ல், ஜில்லும் கயத்தானோவும் கைதானார்கள். 1969-ல் நாட்டை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 1972-ல்தான் திரும்பினார்கள்.

முதாந்தெஸ் கைதாகவில்லை. 1969 ஜனவரியில் பிரான்ஸின் கான் நகரில் நடந்த இசை வணிகச் சந்தையில் போய் வாசித்தார்கள். ஷெல் எண்ணெய்க் கம்பெனிக்கு விளம்பரப் பாட்டு போட்டார்கள். அந்தப் பாட்டை அடுத்த ஆல்பத்திலும் கூச்சப்படாமல் சேர்த்துக்கொண்டார்கள்! 1972-க்குள் ஐந்து ஆல்பங்கள். அந்த ஆண்டு ரீட்டா லீ குழுவை விட்டுப் போனார், அடுத்து அர்னால்டோவும் போனார். செர்ஜியோ வேறு ஆட்களை வைத்து 1978 வரை நடத்தினார். அர்னால்டோவின் கதை வேதனையானது. 1982 புத்தாண்டு வேளையில் மனநல மருத்துவமனையின் மாடியிலிருந்து விழுந்து, நீண்ட நாள் நினைவில்லாமல் கிடந்து, மெல்ல மீண்டு வந்தார். ரீட்டா லீயோ தனிப் பாடகியாகப் பிரேசிலின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார்.

இப்போது சொல்லுங்கள், இவர்கள் 'மறக்கப்பட்டவர்களா'? சொந்த நாட்டில் தொலைக்காட்சியில் வந்தவர்கள், திட்டு வாங்கியவர்கள், கைதட்டலும் வாங்கியவர்கள். மறந்தது என்று சொல்வதைவிட, லண்டனும் நியூயார்க்கும் இவர்களைப் பார்க்கவே இல்லை என்பதுதான் சரி. பாட்டு போர்த்துகீசியத்தில் இருந்தது, தட்டு அங்கே கடைக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

தொகுப்பு என்கிற சரக்கு

இனி என் பாடத்துக்கு வருகிறேன். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகர் டேவிட் பைர்னுக்குப் பிரேசில் இசைமேல் பித்து. 1988-ல் அவர் தொடங்கிய லுவாக்கா பாப் நிறுவனத்தின் ஆரம்ப வெளியீடுகளே பிரேசில் தொகுப்புகள்தான். 1993 ஜனவரியில் நிர்வாணா குழுவோடு பிரேசிலுக்கு வந்த கர்ட் கோபேன், முதாந்தெஸ் தட்டுகளை வாங்கிக்கொண்டு, அர்னால்டோவுக்கு ஒரு சிறு கடிதமும் எழுதி வைத்துவிட்டுப் போனார். 1998-ல் பெக் 'ட்ரொப்பிக்காலியா' என்ற பெயரிலேயே பாட்டு போட்டார். ஆக, 1999-ல் லுவாக்கா பாப் இந்தத் தொகுப்பை வெளியிட்டபோது தேவை தயாராக இருந்தது.

கணக்காகப் பார்த்தால் தொகுப்பு நல்ல வியாபாரம். ஸ்டூடியோச் செலவு முப்பது வருடத்துக்கு முன்பே முடிந்துபோனது. காஸ்டிங் வகுப்பில் சொல்லும் 'சங்க் காஸ்ட்'. புதிதாக வேண்டியது உரிமம், அட்டைப்படம், முன்னுரை. ஆனால் இன்னொரு வேலையும் நடக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். இந்தத் தொகுப்பில் ரீட்டா லீ இருந்த காலத்துப் பாட்டுகள்தான். செர்ஜியோ பிறகு நடத்திய வருடங்கள் இல்லை. வெளிநாட்டு ரசிகருக்கு முதாந்தெஸ் என்றால் இனி இதுதான்.

தேதிகளும் காணாமல் போகின்றன. டிசம்பர் 13-க்கு முன்னால் பாடியதும் பின்னால் பாடியதும் ஒரே சிரிப்போடு அடுத்தடுத்துக் கேட்கின்றன. கேட்பவருக்கு எல்லாமே சாத்தியமான ஒரு வெயில் தேசம் தெரியும். பாடியவர்களுக்கோ அது ஒவ்வொன்றாகச் சாத்தியமில்லாமல் போய்க்கொண்டிருந்த காலம்.

அதற்காகத் தொகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பாட்டே கிடைத்திருக்காது. 1970-ல் பாரிஸில் பதிவு செய்து கிடப்பில் போட்ட 'டெக்னிகலர்' ஆல்பம் 2000-ல் வெளியானது. 2006 மே மாதம் லண்டன் பார்பிகன் அரங்கில் அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். ரீட்டா லீ வரவில்லை, அவர் இடத்தில் ஜெலியா டங்கன் பாடினார். ரீட்டா 2023 மே 8 அன்று, 75 வயதில் காலமானார். ஊர்வலத்தில் நடந்து, மேடையில் கிதாரோடு நின்று, சிறைக்கும் போன ஜில், 2003 முதல் 2008 வரை பிரேசிலின் கலாச்சார அமைச்சராக இருந்தார் என்பது தனிக்கதை.

நீங்கள் கேட்க நினைத்தால் ஒரு யோசனை. தொகுப்பில் தொடங்குங்கள், தப்பில்லை. பிடித்துப்போனால் 1968-ல் வந்த முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுசாகக் கேளுங்கள். நடுவில் பாட்டு நின்றால் போனைத் தட்டாதீர்கள் :-) சாப்பாட்டு மேசைச் சத்தம் வரும்போது, அதைப் பதிவு செய்த சில மாதங்களில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதுபோல ஒரு தொகுப்பு வழியாக உங்களுக்கு அறிமுகமான குழு ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். செமஸ்டர் முடிந்ததும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.