கோ-கோ திடலிலிருந்து ஓடுகளத்துக்கு: திருச்சி மாவட்டமும் பாப் ஹேய்ஸின் எதிர்த்திசையும்

இரண்டு விளையாட்டுகளில் கால்பதிக்கும் ஒருவர் எதை விட்டு எதற்குப் போகிறார் என்பதைத் தசையைவிடப் பிழைப்பே பெரிதும் முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.0 விநாடியில் ஓடி உலக சாதனையைச் சமன்செய்த பாப் ஹேய்ஸ், மறு ஆண்டே டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அன்றைய அமெச்சூர் விதிகளின்படி ஓட்டக்காரர் ஓடிச் சம்பாதிக்க முடியாது. வேகத்துக்குக் கூலி கிடைத்த இடம் கால்பந்துத் திடல். அவரைத் தனியொருவர் மறிப்பது கடினமானதால், ஆளைத் தொடர்வதை விட்டு இடத்தைக் காக்கும் தற்காப்பு வலுப்பெற்றது. 1972-ல் அந்த ஆட்டத்தின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை அவர் அணியோடு வென்றார். 1968-ல் 9.95 விநாடியில் ஓடிய ஜிம் ஹைன்ஸும் தொழில்முறைக் கால்பந்துக்குப் போனார், சோபிக்கவில்லை. ஹேய்ஸோ கல்லூரியிலேயே கால்பந்து பழகியவர். கூலி அழைத்தாலும் ஆட்டப் பழக்கம் இல்லாத கால்கள் அங்கே நிலைப்பதில்லை.

திருச்சி மாவட்டத்தில் பாதை நேர் எதிராக ஓடுகிறது. மருங்காபுரி போன்ற வானம்பார்த்த வட்டாரத்தின் பள்ளிக்குக் கோ-கோ உகந்த ஆட்டம்: சமதரையும் இரண்டு கம்பங்களும் போதும். திருச்சியை அடுத்த குண்டூரைச் சேர்ந்த தனலட்சுமி சேகர் அந்த ஆட்டத்தில் தொடங்கியவர். குந்தியிருந்து 'கோ' கேட்டதும் பாய்ந்தெழுவது, விரட்டுபவர் எடுத்த திசையை மாற்ற முடியாமல் முழு விசையில் ஓடுவது ஆகிய இரண்டும் விரைவோட்டத்துக்கு நேரடிப் பயிற்சி என்றே கருதுகிறேன். 2021 மார்ச்சில் பாட்டியாலா கூட்டமைப்புக் கோப்பையில் 100 மீட்டரில் தனலட்சுமி 11.39 விநாடியில் ஓடி, முன்னணி ஓட்டக்காரர் டூட்டி சந்தை முந்தினார். 200 மீட்டர் தகுதிச்சுற்றில் 23.26 விநாடியில் ஓடி, அந்தப் போட்டியில் பி.டி. உஷா 1998-ல் வைத்த சாதனையைக் கடந்தார்.

லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் முதலில் நீளம் தாண்டியவர்தான். ராணுவத்தில் சேர்ந்து 400 மீட்டருக்கு மாறினார். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெண்கலம், பின்னர் அண்மை டோக்கியோ ஒலிம்பிக்கில் 3:00.25 என ஆசிய சாதனை படைத்த தொடரோட்ட அணியில் ஒருவர்.

கோ-கோ ஆட்டக்காரருக்கும் வேலை கிடைப்பதுண்டு. ஆனால் ஒலிம்பிக்கிலோ ஆசியப் போட்டியிலோ அதற்குப் பதக்கமில்லை; அரசு ஊக்கத்தொகையின் பெரும்பங்கு அந்தப் பதக்கங்களைச் சுற்றியே சுழல்கிறது. குறுவட்டப் போட்டியில் மின்னும் பெண்ணை உடற்கல்வி ஆசிரியர் ஓடுகளத்துக்கு அனுப்புவது இந்தக் கணக்கை அறிந்தே.

இந்தப் பாதைக்கு ஆபத்தும் உண்டு. 2022-ல் தனலட்சுமி ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்றாண்டுத் தடைக்கு உள்ளானார். தனிமனிதத் தவறு என்று அதோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை. நூறில் ஒரு பங்கு விநாடியில் வாழ்வாதாரம் தொங்கும்போது அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அதே 2022-ல்தான் அல்டிமேட் கோ-கோ என்ற தொழில்முறைத் தொடர் தொடங்கியது. அதில் ஆடியவர்கள் ஆண்கள் மட்டுமே. ஹேய்ஸுக்குத் திறந்திருந்த கதவு, அந்த ஆட்டத்திலேயே வளர்ந்த குண்டூர்ப் பெண்ணுக்குத் திறக்கவில்லை.